மலைப் பாட்டைக் கேட்ட செவிகள்

1916 கோடையில் செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் அமெரிக்காவின் வட கரோலினா மலைக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். வயது ஐம்பத்தாறு. ஆஸ்துமா அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. உடன் வந்தவர் மாட் கார்ப்பலிஸ் என்ற இளம் பெண். யாராவது ஒருவர் பழைய கதைப்பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினால் இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மெட்டை ஷார்ப் ஸ்வரக் குறிப்பாக எழுதுவார். பாட்டின் சொற்களைக் கார்ப்பலிஸ் சுருக்கெழுத்தில் பிடிப்பார். 1918 வரை நீண்ட இந்தத் தேடலில் அவர்கள் மலைகளில் மட்டும் 46 வாரங்கள் தங்கினார்கள். கிடைத்தவை 1,600-க்கும் மேற்பட்ட மெட்டுகள்.

சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே அப்பலாச்சிய மலைத்தொடரில் இன்னும் இருவர் பாட்டுத் தேடிப் புறப்பட்டார்கள். ஒருவர் ஏ.பி. கார்ட்டர், வெள்ளையர், வர்ஜீனியாவின் மேசஸ் ஸ்பிரிங் பகுதிக்காரர். மற்றவர் லெஸ்லி ரிடில், கறுப்பினத்தவர், டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் வாழ்ந்தவர். சிமெண்ட் ஆலை விபத்தொன்றில் ரிடில் வலது காலை இழந்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. எஞ்சிய விரல்களால் கிதாரை அற்புதமாக வாசிப்பார். பாட்டுத் தெரிந்தவர் எங்கேனும் இருப்பதாகக் கேள்விப்பட்டால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். சொற்களைக் கார்ட்டர் தாளில் எழுதிக்கொள்வார். மெட்டு ரிடிலின் பொறுப்பு. அவர் அதை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, இசைத்தட்டுகள் பதிந்து வந்த கார்ட்டர் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவார்.

வேலைப் பங்கீடு அதேதான். ஆனால் ஷார்ப்பின் பெயர் புத்தகத்தின் அட்டையில் வந்தது. ரிடிலின் பெயர் அன்றைய இசைத்தட்டு ஒன்றில்கூட வரவில்லை. மலை இசையின் வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும், யார் யாருடைய பாட்டுக்குக் காது கொடுத்தார்கள் என்பதன் வரலாறுதான். பல ஆண்டுகளாக இந்த இசையைக் கேட்டும் அதைப் பற்றித் தேடிப் படித்தும் வருகிற எனக்கு இது உறுதியாகத் தெரிகிறது. இந்த இசையைக் காப்பாற்றியவர்கள் அதன் மேல் தீராத காதல் கொண்டவர்கள். அதில் எது மறைந்துபோனது என்பதையும் அதே காதல்தான் தீர்மானித்தது.

இசை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பலாச்சியாவின் பழைய இசையை அங்கே ‘ஓல்டு டைம்’ என்கிறார்கள். அதன் உயிர் பிடிலும் பாஞ்சோவும். பிடில் வேறொன்றுமில்லை, நாம் அறிந்த வயலின்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்களோடு மலைக்கு வந்தது. பிடில்காரர்கள் பல மெட்டுகளுக்குத் தந்திகளின் சுருதியையே மாற்றி வைப்பார்கள். மெட்டை ஒரு தந்தியில் வாசிக்கும்போது பக்கத்துத் தந்தி சுருதியாக ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. இது நடனத்துக்கான இசை. அதனால் தனி ஆவர்த்தனம் என்று எதுவும் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். ஒரே மெட்டு திரும்பத் திரும்பச் சுற்றி வரும். நிறுத்த வேண்டிய நேரத்தில் முன்னே நிற்பவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அந்தச் சுற்றோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். புதிதாகக் கேட்பவருக்கு முதல் சில சுற்றுகள் சலிப்பாகக்கூட இருக்கும். பொறுமையாகக் கேட்டால், வில்லின் அசைவு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக மாறுவது காதில் படத் தொடங்கும்.

‘புளூகிராஸ்’ இதிலிருந்து கிளைத்தது. அது 1940களில் வானொலிக்காகவும் மேடைக்காகவும் உருவான இசை. வேகம் அதிகம். ஒலிவாங்கியின் முன்னால் பிடில், மாண்டலின், பாஞ்சோ என்று ஒவ்வொருவரும் முறை வைத்துத் தனியாக வாசித்துவிட்டு விலகுவார்கள். ஆண் குரல் உச்ச ஸ்தாயியில் இறுக்கமாக ஒலிக்கும். இரண்டையும் ஒன்றெனவே நினைப்பவர்கள் உண்டு. இரண்டின் அன்பர்களும் அதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள்.

ஷார்ப்பிடம் வருகிறேன். மலை மக்களிடம் பழைய இங்கிலாந்து அழியாமல் மறைந்திருக்கிறது என்று அவர் நம்பினார். ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் வாழ்ந்த ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி என்ற பெண்மணி மட்டுமே அவருக்கு அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார். அப்படிப்பட்ட ஒருவரைச் சந்தித்தவருக்கு அந்த நம்பிக்கை வலுப்பட்டதில் வியப்பில்லை. 1917-இல் வெளிவந்த அவருடைய தொகுப்பு இன்றும் மதிப்புக் குறையாத நூல். இந்தப் பணிக்கு அவரை இழுத்து வந்தவரும் நூலின் இணையாசிரியருமான ஆலிவ் டேம் கேம்பெல், அதற்கு முன்பே மலைகளில் தானாகவே பாட்டுச் சேர்த்தவர். ஆனாலும் ஷார்ப்பின் செவிக்கு ஒரு வடிகட்டி இருந்தது. அங்கே வீடுதோறும் ஒலித்த தேவாலயப் பாட்டுகளை அவர் பொருட்படுத்தவில்லை. பாஞ்சோவைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். கறுப்பின மக்களை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, தேடிப் போகவில்லை. அவர்களைப் பற்றி இகழ்ச்சியாக எழுதியும் வைத்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த மலை முழுக்க முழுக்க வெள்ளையாகவும், கருவி இல்லாமல் பாடுவதாகவும் இருந்தது. அதுவே பிறகு வந்த பலருக்கு மூலப் பிரதியாகிவிட்டது.

அவர் விட்டுவிட்ட பாஞ்சோதான் அந்த இசையின் இன்னொரு பாதி. அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உருவாக்கிய கருவி அது. சுரைக்குடுவையின் மேல் தோலைப் போர்த்தி, நீண்ட கழியைச் செருகித் தந்தி கட்டிய கருவிகளை ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1680களின் இறுதியில் ஜமைக்காவில் கண்டு, 1707-இல் வெளியிட்ட நூலில் படத்தோடு விவரித்திருக்கிறார். இன்றைய பாஞ்சோவின் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டையானது. கழுத்தின் நடுவிலேயே அதற்கு முளை. கட்டைவிரல் அதைத் தட்டித் தட்டிச் சுருதி எழுப்பும். செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் ‘அகோன்டிங்’ என்ற மூன்று தந்திக் கருவியிலும் இதே குட்டைத் தந்தி இருக்கிறது. காம்பியாவைச் சேர்ந்த தானியேல் லேமுவாஹுமா ஜத்தா 2000-ஆம் ஆண்டு அதை அமெரிக்கப் பாஞ்சோ ஆய்வாளர்கள் முன் வாசித்துக் காட்டியபோது அவர்களை அதிகம் அசைத்தது விரல்களின் வேலைதான். ஒரு விரலின் நகம் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்கிறது; கை இறங்கும்போதே கட்டைவிரல் குட்டைத் தந்தியில் உட்கார்ந்து, கை எழும்போது அதை மீட்டிவிடுகிறது. அப்பலாச்சிய மலைகளில் ‘கிளாஹேமர்’ என்று வழங்கும் பாணியும் இதேதான். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே கையசைவு.

மலைக்கு இந்த அசைவைக் கொண்டுவந்தவர்கள் யார்? தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பினக் கலைஞர்கள், ரயில் பாதை போட வந்த தொழிலாளர்கள், நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்தவர்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த வெள்ளையர்களின் மேடைக் கூத்துகள் வழியாகவும் பாஞ்சோ 1840களிலிருந்து பரவியது. அது அவமானகரமான வழி. அந்த அவமானத்தின் சுமை தாளாமல்தான் பிற்காலத்தில் கறுப்பினத்தவர் பலர் பாஞ்சோவைக் கைவிட்டார்கள் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. ஒரு காரணம் அது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் இன்னொரு காரணம் இசைத்தட்டு வியாபாரத்தில் இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ரால்ஃப் பியர் அந்த வியாபாரத்தின் பெரும்புள்ளி. 1923-இல் ஒக்கே நிறுவனத்துக்காக அட்லாண்டாவில் ஃபிட்லிங் ஜான் கார்சன் என்ற பிடில்காரரைப் பதிவு செய்தார். பாட்டு பியருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முதலில் அச்சிட்ட 500 தட்டுகளும் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. கிராமத்து வெள்ளையர்கள் தங்கள் இசையைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நிறுவனங்கள் அப்போதுதான் புரிந்துகொண்டன. உடனே அட்டவணைகள் பிரிந்தன. கறுப்பினத்தவருக்கு ‘ரேஸ்’ தட்டுகள்; மலை வெள்ளையர்களுக்கு ‘ஹில்பில்லி’ தட்டுகள். முதல் பட்டியலில் எதிர்பார்த்தது ப்ளூஸ் என்ற கறுப்பினப் பாட்டு வகை. இரண்டாவதில் பிடிலும் பாஞ்சோவும். பிடில் வாசிக்கிற கறுப்பினத்தவர் எந்தப் பட்டியலிலும் சரியாகப் பொருந்தவில்லை. தெருவிலும் நடனக் கூடத்திலும் கலந்தே ஒலித்த இசையை விற்பனைத் தாள் இரண்டாகக் கிழித்தது.

1927 ஜூலை 25-ஆம் தேதி பியர், இப்போது விக்டர் நிறுவனத்துக்காக, பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பழைய தொப்பிக் கிடங்கில் கருவிகளை இறக்கினார். பிரிஸ்டலின் முக்கியத் தெருவின் ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா. எர்னஸ்ட் ஸ்டோன்மன் என்ற கலைஞர் தட்டு விற்பனையில் எவ்வளவு சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதிவிட்டது. கூட்டம் மலையிறங்கி வந்தது. ஆகஸ்ட் 5 வரை 19 குழுக்கள் 76 உருப்படிகளைப் பதிவு செய்தன. கார்ட்டர் குடும்பம் வந்தது ஆகஸ்ட் 1 அன்று: ஏ.பி., அவர் மனைவி சேரா, சேராவின் ஒன்றுவிட்ட சகோதரியான மேபெல். மேபெலுக்கு 18 வயது. நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. சேராவின் கையில் பால்குடிக் குழந்தை. கரடுமுரடான பாதையில் காரின் டயர் வேறு பஞ்சராகிப் பாடாய்ப் படுத்தியது. ஆறு பாட்டுகள் பாடினார்கள், பாட்டுக்கு 50 டாலர். மேபெலின் கிதார் வாசிப்பைக் கவனித்துக் கேட்க வேண்டும். கட்டைவிரல் தடித்த தந்திகளில் மெட்டை எடுக்க, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் தாளத்தைத் தடவிக்கொண்டே போகும். ஒரே கருவி இருவர் வாசிப்பதுபோல் ஒலிக்கும். அதற்கு முன்பு பக்கவாத்தியமாக ஒதுங்கியிருந்த கிதார் அமெரிக்க கிராமிய இசையின் முன்வரிசைக்கு வந்ததில் அந்தக் கட்டைவிரலுக்குப் பெரும் பங்குண்டு. அந்த இரண்டு வாரத்தில் பதிவான கறுப்பினக் கலைஞர் ஒருவரே: எல் வாட்சன் என்ற மவுத் ஆர்கன்காரர்.

பியர் கலைஞர்களிடமிருந்து பாட்டின் பதிப்புரிமையை வாங்கிக்கொள்வார்; அவருடைய உண்மையான வருமானம் அதிலிருந்துதான் வந்தது. ஆகவே யாரும் இதுவரை உரிமை கோராத பாட்டு அவருக்குத் தேவை. கார்ட்டர் ஊர் ஊராக அலைந்ததற்கு இசை ஆர்வத்தோடு இந்தத் தேவையும் காரணம். பாட்டைத் திருத்தி, அடிகள் சேர்த்து, தன் பெயரில் பதிவு செய்வார். அன்றைய வழக்கம் அது. அவரைத் திருடர் என்று சொல்ல மாட்டேன். ரிடிலை அவர் தன் வீட்டில் நாள்கணக்கில் தங்க வைத்திருக்கிறார். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த அந்தக் காலத்துத் தெற்கில் இது எளிய காரியமில்லை. மேபெல் ரிடிலிடம் கிதார் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் உரிமைத் தொகை கணக்குப் புத்தகத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். ரிடில் 1942-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகளில் கிதாரையும் விற்றுவிட்டார்.

புளூகிராஸின் தந்தை என்று போற்றப்படும் பில் மன்றோ, 1911-இல் கென்டக்கியின் ரோசைன் கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து, பிடில் வாசிக்கும் தாய்மாமன் பென் வாண்டிவரோடு வாழ்ந்தார். மாமனைப் பற்றிப் பாட்டுக் கட்டியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. மன்றோவின் இன்னொரு ஆசான் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ். சுரங்கங்களில் வேலை செய்த கறுப்பினக் கலைஞர். பிடிலும் கிதாரும் வாசிப்பார். நடனக் கச்சேரியில் அவர் பிடில் வாசிக்க, சிறுவன் மன்றோ கிதாரில் துணை போனதுண்டு. தன் இசையில் உள்ள ப்ளூஸ் சாயல் ஷுல்ட்ஸிடமிருந்து வந்தது என்று மன்றோ தானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஷுல்ட்ஸ் 1931-இல் இறந்தார். அவருடைய வாசிப்பு ஒரு தட்டில்கூடப் பதிவாகவில்லை. மன்றோவின் மாண்டலினில் அவர் எங்கே இருக்கிறார் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும்.

1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயது இளைஞர் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். வட கரோலினாவின் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் மூன்று விரலால் பாஞ்சோ வாசிக்கிற வழக்கம் முன்பே இருந்தது. அதற்கு முழு வடிவம் கொடுத்தவர் அவர். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் மீட்டி மாட்டிக்கொண்டு, எட்டு நுண்ணடிகளை 3+3+2 எனப் பிரித்து உருட்டுவார். மெட்டின் ஸ்வரம் ஒரு தடவை கட்டைவிரலில் விழும். அடுத்த தடவை வேறு விரலில். தாளம் நான்கில் நடக்க, விரல்கள் மூன்றில் நடந்து கடைசியில் வந்து சேர்ந்துகொள்ளும். தாளக் கணக்கில் பழகிய தமிழ்க் காதுகளுக்கு அந்த இன்பம் சட்டென்று பிடிபடும். 1946 செப்டம்பரில் இந்தக் குழு சிகாகோவில் செய்த பதிவுகளே புளூகிராஸின் இலக்கணமாயின.

இருபது ஆண்டுகளுக்குள் ராக் இசை வந்து இதையெல்லாம் ஓரம் தள்ளியது. அப்போது நகரத்து இளைஞர்கள் சிலர் பழைய தட்டுகளைக் கேட்டுவிட்டு மலைக்குக் கிளம்பினார்கள். 1960-இல் ரால்ஃப் ரின்ஸ்லர் டென்னசியில் கிளாரன்ஸ் ஆஷ்லி என்ற முதியவரைப் பதிவு செய்யப் போனார். துணைக்கு வாசிக்க டாக் வாட்சன் என்ற பார்வையற்ற கலைஞர் வந்தார், கையில் மின் கிதாரோடு. நடனக் குழுவில் வாசித்துப் பிழைப்பவர். அதுதான் அவரிடம் இருந்தது. சாதாரணக் கிதாரில் வாசியுங்கள் என்றார் ரின்ஸ்லர். வாட்சன் மறுத்தார். மறுநாள் வண்டிப் பயணத்தில் ரின்ஸ்லர் பாஞ்சோ வாசித்துக்கொண்டு வர, வாட்சன் அதை வாங்கி வாசித்துக் காட்டினார். அவர் யாரென்று ரின்ஸ்லருக்கு அந்த நொடியில் விளங்கியது. பிறகு வாட்சன் உலகப் புகழ் பெற்றார். அதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் அந்த மின் கிதார் இசையும் அன்றைய மலை இசைதானே? பழமையைத் தேடி வந்த செவி அதைக் கழித்துவிட்டது. ஷார்ப் பாஞ்சோவைக் கழித்தது போலவே.

மலைக்குப் போன அந்த நகரத்து இளைஞர்களில் மைக் சீகர் எனக்கு மிகவும் நெருக்கமானவர். 1933-இல் பிறந்தார். தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர், காங்கிரஸ் நூலகத்தின் களப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு ஸ்வரப்படுத்தியவர். போருக்குப் போக மறுத்ததற்கு மாற்றாக மைக் பால்டிமோர் அருகே காசநோய் மருத்துவமனையில் வேலை செய்தபோது, அங்கிருந்த நோயாளி ஒருவரின் சகோதரியான ஹேசல் டிக்கன்ஸைச் சந்தித்தார். மேற்கு வர்ஜீனியாச் சுரங்கக் குடும்பத்துப் பெண். பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தவர். ஆண்களின் கோட்டையாக இருந்த புளூகிராஸில் அவரும் ஆலிஸ் ஜெரார்டும் 1965-இல் வெளியிட்ட தட்டு பெண்களுக்கு வாசல் திறந்தது. 1963-இல் சீகர் வர்ஜீனியாவின் நார்ட்டனில் டாக் பாக்ஸைக் கண்டுபிடித்தார். 1920களில் தட்டுகள் பதிந்தவர், பல பத்தாண்டுகள் சுரங்கத்தில் உழைத்தவர். கறுப்பினக் கலைஞர் ஒருவர் விரலால் மீட்டி வாசித்ததைப் பார்த்துத்தான் தன் பாணியை அமைத்துக்கொண்டதாக பாக்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். 1965-இல் மேபெல் கார்ட்டர் வழியாக ரிடிலின் இருப்பிடம் அறிந்து சீகர் ராச்செஸ்டருக்குப் போனார். கிதாரை விட்டு இருபதாண்டுகள் ஆன மனிதரை மறுபடி வாசிக்க வைத்தார். அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் விட்டுவிட்டுப் பதிவு செய்தார். பின்னர் ரிடில் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய தட்டு 1993-இல்தான் வந்தது. சீகரின் சிறப்பை நான் இங்கே காண்கிறேன். அவர் பாட்டைச் சேகரித்ததோடு நிற்கவில்லை. இதை யாரிடம் கற்றீர்கள் என்று அடுத்த கேள்வியையும் கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பலர் கேட்கவில்லை. கறுப்பினக் குடியிருப்புகளுக்குப் போன சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் ப்ளூஸ் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். பிடிலைப் பற்றிக் கேட்கவில்லை; ஆகவே யாரும் எடுத்துக் காட்டவில்லை. வட கரோலினாவின் மெபேன் ஊருக்கருகே ஜோ தாம்சனும் அவருடைய உறவினர் ஓடெல் தாம்சனும் பிடிலும் பாஞ்சோவுமாக வாசித்து வந்தது 1970களில்தான் ஆய்வாளர் கிப் லார்னெல் மூலம் வெளியே தெரிந்தது. ஜோ மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தந்தையிடம் வாசிக்கக் கற்றார். தந்தைக்குக் கற்பித்த தாத்தா அடிமையாகப் பிறந்தவர்.

2005 ஏப்ரலில் பூன் நகரத்தில் கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர்களின் கூடல் ஒன்று நடந்தது. அங்கே சந்தித்த ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் வாரந்தோறும் ஜோவின் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். அப்போது ஜோவுக்கு வயது 86. பாடம் என்று தனியாக எதுவும் இல்லை. அவர் வாசிப்பார், இவர்கள் கூட வாசிக்க வேண்டும். வில்லை அவர் குட்டையாக, அழுத்தி இழுப்பார். மெட்டைவிட அந்த உந்தலைப் பிடிப்பதுதான் கடினம். இப்படிப் பிறந்த ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ குழு 2011-இல் கிராமி விருது பெற்றது. 2017-இல் உலகப் புளூகிராஸ் சங்கத்தின் மாநாட்டில் முதன்மை உரையாற்ற கிடன்ஸை அழைத்தார்கள். பாஞ்சோவின் ஆப்பிரிக்க வரலாற்றையும் அது மறைக்கப்பட்ட விதத்தையும் அந்த மேடையிலேயே அவர் எடுத்து வைத்தார். 2020-இல் அந்தச் சங்கத்தின் அறக்கட்டளை, புளூகிராஸில் கறுப்பினக் கலைஞர்களை ஊக்குவிக்க ஒரு நிதியை நிறுவி, அதற்கு ஆர்னல்ட் ஷுல்ட்ஸின் பெயரைச் சூட்டியது.

ஜோ 2012-இல் காலமானார். கிடன்ஸும் ராபின்சனும் 2025-இல் மீண்டும் சேர்ந்து, பிடிலும் பாஞ்சோவும் மட்டுமாக ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் பல உருப்படிகள் ஜோவிடம் பாடம் கேட்டவை. யாரிடம் கற்றது என்பதை இருவரும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.